தை, மாசியில் தும்மலோடு வரும் தசைவலி: ஒவ்வாமைதான் காரணமா?

கேள்வி: வளவுவீட்டுக்காரன், கானாடுகாத்தான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆண்டின் ஒன்பது மாதங்கள் எனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. தை பிறந்துவிட்டால் பங்குனி முடியும் வரை அதைத் தவிர வேறு நினைவே இருக்காது. காலையில் எழுந்தவுடன் பதினைந்து, இருபது தும்மல்கள் தொடர்ந்து வருகின்றன. கண்ணும் மூக்கும் மேலண்ணமும் அரிக்கின்றன. மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறது. ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் கேள்வி அதே பருவத்தில் கூடவே வரும் வலியைப் பற்றியது. பிடரியிலிருந்து தோள்பட்டை வரை இறுகிப் போகிறது. விலாவின் இருபுறமும் தொட்டால் வலிக்கிறது. இவை ஏறக்குறைய நாள்தோறும் உண்டு. சில இரவுகளில் மட்டும் தொடை, கெண்டைக்கால், இடுப்பு எல்லாமே அடித்துப் போட்டாற்போல் வலித்து, மறுநாள் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை.

என் சூழலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூர்வீக வீடு பங்காளிகள் ஏழு வீட்டாருக்கும் பொதுவானது; ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். பக்கத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், பொங்கலுக்கு முன்பு ஒரு முறையும், மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட அனைவரும் வந்து இறங்குவதற்கு முன்பு ஒரு முறையும் கதவைத் திறந்து, முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒட்டடை அடித்து, மாடியில் அடைந்திருக்கும் புறா எச்சத்தைச் சுரண்டிக் கழுவிவிடும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஆலையிலும் அது அறுவடை நெல் வந்து குவியும் காலம் என்பதால், இருப்புச் சரிபார்க்க வாரத்தில் ஓரிரு நாள் கிட்டங்கிக்குள் போய் வருவேன்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் இதற்கென்று ஓர் ஊசி போட்டார்கள். அது என்ன மருந்து என்பதைச் சீட்டில் எழுதித் தரவில்லை. ஒரு மாதம் தும்மலும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் எப்போதும் எல்லைக்கோட்டில் நிற்கும் என் சர்க்கரை அந்த மாதம் 240 வரை ஏறிவிட்டது. தைராய்டு, வைட்டமின் டி இரண்டும் பரிசோதித்தாயிற்று, குறை இல்லை.

மூக்குக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம், இது வீடு கூட்டிய அலுப்புதான் என்பது என் மனைவியின் கட்சி. அலுப்பு என்றால், ஆடி மாதம் ஆள்களோடு நின்று கிணற்றைத் தூர் வாரியபோது இப்படி வலிக்கவில்லையே என்பது என் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


பதில் 1: தேவகோட்டை ரஸ்தா

தொடர்பு நிச்சயமாக உண்டு. ஒவ்வாமையின்போது உடலில் ஹிஸ்டமின் சுரக்கிறது. அது இரத்தத்தோடு கலந்து தசைகளுக்குப் போய் அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகப் போட்டுக்கொண்டேன். பத்து நாளில் சரியாயிற்று. நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.


பதில் 2: பொது மருத்துவர், திருப்பத்தூர்

மேலே எழுதிய நண்பர் தொடங்கிய இடம் சரி, போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை. மாத்திரையின் அளவைத் தாமாக இரட்டிப்பாக்கிக்கொள்ளும் யோசனையையும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மகரந்தமோ பூஞ்சை வித்தோ மூக்கின் உட்சவ்வில் வந்து படியும்போது, அதற்கென்றே உடல் முன்கூட்டி உருவாக்கி வைத்திருக்கும் இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. இந்த எதிர்ப்புரதம் மாஸ்ட் செல்களின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால், பற்றிய சில நிமிடங்களுக்குள் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் வேறு சில வேதிப்பொருள்களையும் கொட்டிவிடுகின்றன. அரிப்பும் தும்மலும் ஒழுகலும் அதனால் வருபவை. ஆனால் ஹிஸ்டமின் சுரந்த இடத்திலேயே வேலை பார்த்து அங்கேயே முடிந்துபோகும் பொருள். இரத்தத்தில் சிறிது கலந்தாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மூக்கில் சுரந்தது தொடை வரை நடந்துபோய் வலி கொடுத்தது என்பதை என்னால் ஏற்க இயலாது.

தசைக்குப் போகும் வழிகள் வேறு. முதலாவது, ஒவ்வாமையின் இரண்டாம் அலை. காலையில் தும்மி ஓய்ந்த பிறகு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, ஈசினோபில் முதலான வெள்ளணுக்கள் மூக்குச் சவ்வுக்குள் வந்து கூடுகின்றன. அவற்றோடு சைட்டோகைன்கள் என்னும் செய்திப் பொருள்களும் வெளிப்படுகின்றன. ஃபுளூ காய்ச்சலில் உடம்பை முறுக்கி எடுப்பவையும் இந்த வகைப் பொருள்கள்தாம். ஆனால் மூக்கு ஒவ்வாமையில் அவற்றின் அளவு மிகக் குறைவு என்பதால், சோர்வும் மேலுக்கு முடியாதது போன்ற மந்தமும் வரலாமே தவிர, காய்ச்சல் வராது. ஆங்கிலேயர்கள் இந்த நோய்க்கு வைக்கோல் காய்ச்சல் என்று பெயர் வைத்தது ஒரு வேடிக்கை. 1819-இல் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் தமக்கே இருந்த தொல்லையை எழுதி வைத்தார். குற்றவாளி மகரந்தம் என்பதை 1873-இல் சார்லஸ் பிளாக்லி தம் உடம்பிலேயே சோதித்து வெளியிட்டார். வைக்கோலும் காரணமில்லை, காய்ச்சலும் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் பார்த்தீனியத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருபவை என்பது நன்கு அறியப்பட்டது.

இரண்டாவது வழி தூக்கம். என் அனுபவத்தில் இதுவே பெரிய வழி. நோயாளிகள் இதைத் தாமாகச் சொல்வதே இல்லை. படுத்தவுடன் மூக்கின் உட்புற மடிப்புகளில் இரத்தம் தேங்கி அடைப்பு கூடுகிறது. வாயைத் திறந்து மூச்சு விட்டு, தொண்டை காய்ந்து, புரண்டு புரண்டு படுக்கிறோம். இரவில் எத்தனை முறை விழித்தோம் என்பது காலையில் நமக்கே தெரியாது. நலமாக இருப்பவர்களைத் தூங்கவிடாமல் வைத்துச் செய்த சோதனைகளில், சில நாள்களிலேயே அவர்களுக்கு வலி உணர்வு கூடிவிடுவது திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது. ஆடியில் கிணறு தூர் வாரிய பின் நீங்கள் நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். தையில் வீடு கூட்டிய பின் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதே உழைப்பு இரண்டு விதமாக வலிப்பதற்கு இது ஒன்றே போதும். உங்கள் மனைவியின் கட்சியும் உங்கள் கட்சியும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

தும்மலால் தசைக்கு நேரடியாக வரும் சேதத்தைப் பற்றி இயன்முறை மருத்துவர் எவரேனும் எழுதினால் நலம்.

இனி நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சில இரவுகளில் மட்டும் உடல் முழுவதும் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிடரியும் விலாவும் வலிப்பது ஒரு கதை, இது இன்னொரு கதையாக இருக்கலாம். பூஞ்சை பிடித்த தானியம், வைக்கோல், பறவை எச்சம் ஆகியவற்றின் நுண்தூசி நுரையீரலின் ஆழம் வரை போனால், இம்யூனோகுளோபுலின் ஈ-யோடு தொடர்பில்லாத வேறொரு வகை ஒவ்வாமை அங்கே தோன்றக்கூடும். தூசியில் நின்று நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குப் பின், அதாவது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, குளிர், காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல், மூச்சு வாங்கல் ஆகியவை வரும்; ஓரிரு நாளில் தானாகவே தணியும். தணிந்துவிடுவதால் இதை ஃபுளூ என்றோ அலுப்பு என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள். விவசாயிகளுக்கும் புறா வளர்ப்பவர்களுக்கும் வருவதாக இதைப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. மீண்டும் மீண்டும் வந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து, நிரந்தரமாக மூச்சுத் திணறல் ஏற்படவும் கூடும். ஒவ்வாமை இல்லாதவருக்கும் ஒரே நாளில் மிக அதிகமான தானியத் தூசியைச் சுவாசித்தால் இதே போன்ற காய்ச்சலும் தசைவலியும் வரலாம்.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இரவுகளில் எப்போதாவது வெப்பமானி வைத்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால், அடுத்த பதினைந்து நாள்களுக்கு எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், இரவு உடல் வெப்பம் எவ்வளவு, வலி எந்த இடத்தில் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இது எளிது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஏதேனும் சாப்பிட்டால் அதையும் தெரிவியுங்கள். அதுவும் தசைவலி தரும். அந்த ஊசி பெரும்பாலும் நீண்ட நாள் செயல்படும் ஸ்டீராய்டாக இருக்கலாம் என்பதைச் சர்க்கரை ஏறியதிலிருந்து ஊகிக்கிறேன். பெயர் எழுதித் தராத ஊசியை மறுபடி போட்டுக்கொள்ளாதீர்கள்.


பதில் 3: இயன்முறை மருத்துவர், காரைக்குடி

மருத்துவர் எனக்கு விட்டுவைத்த பகுதியை எழுதுகிறேன். ஒரு தும்மலுக்கு உதரவிதானம், விலா இடைத்தசைகள், வயிற்றுத் தசைகள், முதுகின் நெடுந்தசைகள் ஆகிய அனைத்தும் நொடிப் பொழுதில் முழு வலுவோடு சுருங்க வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்தவுடன், தசைகள் இன்னும் இளகாத நேரத்தில், இருபது முறை இதைச் செய்தால், பழக்கமில்லாதவர் முதல் நாள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் வந்ததற்கு ஒப்பாகும். உங்கள் விலாவின் இருபுற வலி இந்த வகை என்றே தோன்றுகிறது. ஆனால் விலாவில் ஒரே ஒரு புள்ளியில், விரல் வைத்தால் துள்ளும்படி வலித்தால் படம் எடுத்துப் பாருங்கள். கடும் இருமலாலும் தும்மலாலும் எலும்பில் கீறல் விழுவது உண்டு.

பிடரி வலிக்குக் காரணம் மூக்கடைப்பு. அமைதியாக மூச்சு விடும்போது உதரவிதானமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். மூக்கு அடைத்து வாயால் மூச்சு வாங்கும்போது, கழுத்தின் பக்கத் தசைகள் விலாக்கூட்டை மேலே தூக்கிக்கொடுக்கும் துணை வேலைக்கு வருகின்றன. கூடவே, காற்றுப் பாதை திறந்துகொள்வதற்காகத் தலை தன்னை அறியாமல் முன்னே நீள்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலை தோளுக்கு நேராக நிற்காமல் முன்னே தள்ளி நின்றால், அதை இழுத்துப் பிடிக்கும் பிடரித் தசைகள் நாள் முழுவதும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். கணக்குப் பிரிவில் கணினியைப் பார்த்துக் குனிந்திருப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

தும்மல் வரும்போது குனியாதீர்கள். எழுந்து நின்று, மேசையிலோ சுவரிலோ ஒரு கையை ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்ந்த நிலையில் தும்மினால் இடுப்புத் தட்டுகளின் மேல் விழும் அழுத்தம் குறையும். படுக்கையில் என்றால் தலையணையை விலாவோடு அணைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பொத்தித் தும்மலை அடக்குவது கூடாது. காலையிலும் இரவிலும் பிடரிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தாடையை உள்ளே இழுத்துத் தலையைப் பின்னுக்குத் தள்ளும் பயிற்சியைப் பத்து முறை செய்யலாம். மூக்கைத் திறந்துவிடாமல் கழுத்துக்கு மட்டும் மருத்துவம் பார்த்தால் அடுத்த வாரமே திரும்பி வந்து நிற்பீர்கள். வலி ஒரு காலில் மட்டும் மின்சாரம் போல் இறங்கினாலோ, நடக்கும்போது மார்பு இறுகி இடது கைக்குப் பரவினாலோ இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.


பதில் 4: மருந்தாளுநர், பள்ளத்தூர்

நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. எங்கள் கடையில் இந்தப் பருவத்தில் அதிகம் விற்பது மாண்டெலுகாஸ்ட்டும் லீவோசெட்டிரிசினும் சேர்ந்த ஒரே மாத்திரை. மாண்டெலுகாஸ்ட்டின் பக்க விளைவுகளில் தசைவலியும் தசைப்பிடிப்பும் இடம்பெற்றிருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மனச்சோர்வு, கொடுங்கனவு போன்றவற்றைக் குறித்து 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. உங்கள் வலி மாத்திரை தொடங்கிய பின் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். முன்பே இருந்தது என்றால் மாத்திரைமேல் பழி போட வேண்டியதில்லை. எப்படியாயினும் எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்; ஊசியைப் போலச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது அன்றைக்கு அடித்து அன்றைக்கே கேட்கும் மருந்து இல்லை. முழுப் பலன் தெரியச் சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், மருத்துவர் சம்மதித்தால் மார்கழிக் கடைசியிலேயே தொடங்கிவிடலாம். வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும், நடுத்தண்டில் படாமல் காதின் பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்துகளை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரும் ஊருணி நீரும் கூடவே கூடாது.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு சொல். ஆஸ்துமாவும் மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்றவை மூச்சுத் திணறலை உண்டாக்கிவிடும். அதைச் சொல்லாமல் கடையில் வலி மாத்திரை கேட்காதீர்கள்.


பதில் 5: ஆத்தங்குடி ஆச்சி

தம்பி, மருந்து விஷயத்தைப் படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டு விஷயத்தை நான் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பூட்டிய வீட்டைத் திறந்து மூடுகிறவள் நான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு ஒழுகி, இரண்டாம் கட்டில் சுவரோரமாகப் பூஞ்சை பிடித்திருக்கும். கதவைத் திறந்த உடனே துடைப்பத்தோடு உள்ளே போவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. எல்லாச் சன்னல்களையும் வளவுக் கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஒரு பகல் முழுதும் காற்றோடட்டும். புறா எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டவே கூடாது. நன்றாகத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, ஈரமாகவே வழித்தெடுக்க வேண்டும். நம் வீட்டுத் தரைக்கும் சுவருக்கும் ஈரத்துணியே போதும். வழவழப்பான பூச்சில் தூசி நிற்பதில்லை, உத்தரத்திலும் மரவேலைப்பாட்டிலும்தான் போய் அடைகிறது. அந்த ஒட்டடையை ஆள் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கும் நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள், அவருக்கும் நுரையீரல் ஒன்றுதானே. பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை முற்றத்து வெயிலில் போடாமல் அதில் படுக்காதீர்கள். ஏழு பங்காளிகளும் சேர்ந்து மாடிச் சன்னலுக்கு வலை அடித்தால் புறா வராது. உங்கள் ஒருவர் உடம்பை அடகு வைத்து ஊர் கூடிப் படைக்க வேண்டியதில்லை.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: வளவுவீட்டுக்காரன்

அனைவருக்கும் நன்றி. பதினேழு நாள்கள் குறிப்பு எழுதிவிட்டு வருகிறேன். ஸ்டாட்டின் எதுவும் நான் சாப்பிடுவதில்லை. வலி, மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே இருந்தது.

பதினேழு நாள்களில் பதினான்கு நாள்கள் காய்ச்சல் இல்லை. பிடரியும் விலாவும் மட்டும் வலித்தன. மூக்கு மருந்தை ஒழுங்காக அடிக்கத் தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து இரவில் வாய் காயவில்லை, பிடரி வலியும் பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதி மூன்று நாள்களில்தான் நான் அதிர்ந்துபோனேன். ஒரு நாள் ஆச்சி சொன்னதைப் படிப்பதற்கு முன்பே மாடியில் எச்சம் சுரண்டினேன். இரண்டு நாள் கிட்டங்கியில் நனைந்து புழுங்கிய மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. மூன்று நாளும் இரவு எட்டு மணிக்கு மேல் குளிர் எடுத்தது. வெப்பமானி 100.4, 101.2, 100.8 என்று காட்டியது. தொடையும் கெண்டைக்காலும் வலித்தது அந்த மூன்று இரவுகளில் மட்டுமே. இத்தனை ஆண்டுகளாகக் காய்ச்சல் இருந்ததே எனக்குத் தெரியவில்லை, போர்த்திப் படுத்துவிடுவேன்.


பொது மருத்துவர், திருப்பத்தூர்

இரண்டு வேறு நோய்களை ஒரே பருவம் என்பதால் ஒன்றாகக் கட்டி வைத்திருந்திருக்கிறீர்கள். இந்தக் குறிப்பேட்டை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். நெஞ்சு ஸ்கேனும் மூச்சுத் திறன் பரிசோதனையும் அவர் கேட்கக்கூடும். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். அதுவரை கிட்டங்கிக்குள்ளும் மாடிக்கும், முகமூடி போட்டுக்கொண்டுகூட, போக வேண்டாம். சிவராத்திரிக்கு வீட்டைத் திறக்கும் சாவியை வேறு பங்காளி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.